கை அசைவது தெரிகிறதா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், கண்ணை மூடாமல், சப்பணம் போடாமல், உடம்பின் அசைவை வைத்தே செய்கிற பௌத்தத் தியானத்தைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்த பிறகுதான், உட்கார முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தியானத்தையே விட்டவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் என்று தெரிந்தது. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 63 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. ஒரு தியான வகுப்புக்குப் போய் மூன்றாம் நாளே திரும்பிவிட்டேன். நாற்காலி கொடுத்தார்கள், ஆனால் கண்ணை மூடினால் தூக்கம் வருகிறது, தூக்கம் வராவிட்டால் மருமகளோடு நடந்த சண்டை வருகிறது. கையை அசைத்தே தியானம் செய்யலாம் என்று எழுதியிருந்தீர்கள். என்னைப் போல முடியாதவர்களுக்குக் கொடுக்கிற சலுகையா அது, இல்லை உண்மையிலேயே தியானம்தானா? – வாசகி, காரைக்குடி

பதில்: ஆச்சி, சலுகையே இல்லை. மூட்டு நன்றாக இருக்கிற இளவயதுத் துறவிகளும் வருடக்கணக்கில் இதையேதான் செய்கிறார்கள்.

பாலி மொழியில் சதிபட்டான சுத்தம் என்று ஒன்று இருக்கிறது (சுத்தம் என்றால் அங்கே புத்தரின் உரை), மஜ்ஜிம நிகாயம் என்ற உரைத்தொகுப்பில் பத்தாவதாக வருவது. விழிப்புணர்வுத் தியானம் என்று இன்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுப்பதற்கெல்லாம் வேர் அதுதான். அதில் மூச்சைக் கவனிப்பது முதலில் வரும், அது பலருக்கும் தெரியும். அதற்கு அடுத்த பகுதியே நடப்பது, நிற்பது, உட்கார்வது, படுப்பது பற்றியதுதான். நடக்கிறபோது நடக்கிறேன் என்று அறிந்திருக்கிறான், நிற்கிறபோது நிற்கிறேன் என்று அறிந்திருக்கிறான் என்று போகும். அதாவது உட்கார்வது நாலில் ஒன்று. அப்புறம் வருகிற பகுதி இன்னும் தாராளம்: முன்னால் போவது, திரும்பி வருவது, கையை மடக்குவது நீட்டுவது, துணி உடுத்துவது, சாப்பிடுவது, மெல்லுவது, மலஜலம் கழிப்பது, பேசுவது, பேசாமல் இருப்பது, இத்தனையும் நினைவோடு செய்யச் சொல்கிறது. சதி என்ற பாலிச் சொல்லுக்கு நினைவு என்று பொருள். தமிழில் பௌத்தம் எழுதியவர்கள் இதற்கு நற்கடைப்பிடி என்று சொல் வைத்தார்கள். கடைப்பிடி என்றால் பழைய தமிழில் மறவாமை. எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் செய்ய வேண்டியது அவ்வளவுதான், செய்துகொண்டிருப்பதை மறக்காமல் இருப்பது.

இப்போது கைக்கு வருகிறேன். இதைப் பரப்பியவர் லுவாங்போர் தியன் என்ற தாய்லாந்துக்காரர். லுவாங்போர் என்பது மரியாதைப் பெயர், பெரிய துறவியை அப்பா என்று அழைப்பது போல. 1911இல் லோய் மாகாணத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. மேகோங் ஆற்றில் படகு விட்டுத் தாய்லாந்துக்கும் லாவோஸுக்கும் நடுவே சரக்கு கொண்டுபோய் விற்ற வியாபாரி, மனைவி மக்கள் உள்ளவர். கொண்டுவிக்கப் போகிற பிழைப்பு என்ன என்று நம் ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, சரக்கு, கடன், கணக்கு என்று மனம் ஒரு நிமிடம் நிற்காது. சின்ன வயதிலிருந்தே பல தியானங்களைச் செய்துபார்த்தும் உள்ளே ஏதோ தீரவில்லை என்று, 1957இல், நாற்பத்தைந்து வயதில், வியாபாரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு விகாரத்துக்கு, அதாவது பௌத்த மடத்துக்கு, பயிற்சிக்குப் போனார். அங்கே கையை அசைத்து அசைத்து நிறுத்தி, ‘அசைகிறது, நிற்கிறது’ என்று மனதுக்குள் சொல்லச் சொன்னார்கள். இவர் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அசைவு தெரிகிறதே, அது போதும் என்று அதோடு மட்டும் இருந்தார். சில நாட்களிலேயே தனக்குத் தெளிவு கிடைத்துவிட்டது என்று பின்னால் சொன்னார். ஊருக்குத் திரும்பி வீட்டாருக்கும் சொந்தக்காரர்களுக்கும்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். 1960இல் துறவியாகி, 1988இல் காலமாகும் வரை இதையே கற்பித்தார்.

செய்முறை இதுதான். நாற்காலியில் உட்காருங்கள், முதுகு சாய்ந்தாலும் பரவாயில்லை. கண் திறந்தே இருக்கட்டும். இரண்டு உள்ளங்கையும் தொடைமேல் கவிழ்ந்திருக்கட்டும். வலது கையைத் திருப்பி, சுண்டுவிரல் பக்கம் தொடையில் படும்படி நிறுத்துங்கள். நின்றதா? அப்படியே தூக்குங்கள், தோள் அருகே வந்ததும் நிறுத்துங்கள். இறக்கி வயிற்றின்மேல் வையுங்கள். இப்போது இடது கை, அதே மாதிரி திருப்பு, தூக்கு, வலது கையின்மேல் கொண்டுவந்து வை. அடுத்து வலது கை வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறும், அங்கிருந்து பக்கவாட்டில் விலகும், இறங்கித் தொடையில் விளிம்பாக நிற்கும், கவிழும். இடது கையும் அப்படியே. மொத்தம் பதினாலு அசைவு, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு நிறுத்தம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இரண்டு நாளில் கை தானாகவே பழகிவிடும், வரிசை தப்பினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

அந்த நிறுத்தத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், இந்த முறையின் உயிரே அதுதான். மூச்சு மெல்லியது, உங்களைப் போல மனம் கனத்திருக்கிற நேரத்தில் அது கைக்கு அகப்படாது. கை அப்படியில்லை, கனமானது, கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அது கிளம்புவதும் நிற்பதும் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மருமகள் சண்டை வரும், வந்துகொண்டேதான் இருக்கும். அவள் சொன்ன சொல்லும் நீங்கள் சொல்லாமல் விட்ட பதிலும் ஓடி முடிப்பதற்குள் கை பதினாலு இடத்தில் நின்றிருக்கும், அதில் ஏதாவது ஒரு இடத்தில் ‘ஓ, கை இங்கே இருக்கிறது’ என்று தெரிந்துவிடும். தெரிந்ததா, சரி, அடுத்த அசைவு. நினைப்பை விரட்டவும் வேண்டாம், அதோடு உட்கார்ந்து நியாயம் பேசவும் வேண்டாம். முதல் வாரம் காலையில் பதினைந்து நிமிடம், காபிக்கு முன்னாடி, செய்து பாருங்கள். தோள் வலி இருந்தால் கையை அவ்வளவு உயரம் தூக்காதீர்கள்.

கேள்வி: நான் வேறொரு இடத்தில் கற்றுக்கொண்டபோது, கால் தூக்கும்போது ‘தூக்குகிறேன்’, வைக்கும்போது ‘வைக்கிறேன்’ என்று மனதுக்குள் சொல்லச் சொன்னார்கள். நீங்கள் சொல்லாதே என்கிறீர்கள். எது சரி? – வாசகர், புதுவயல்

பதில்: நீங்கள் கற்றது பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ (1904–1982) வழி. நம் செட்டிநாட்டு முன்னோர்கள் கடை வைத்திருந்த அதே பர்மாவில் போன நூற்றாண்டில் பெரிதாக வளர்ந்த முறை அது. அங்கே பயிற்சிக்குப் போனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். நடையில் முதலில் இடது, வலது என்று குறித்துக்கொள்வது, பழகிய பிறகு தூக்குவது, நகர்த்துவது, வைப்பது என்று ஒரே அடியைப் பிரித்துப் பார்ப்பது. சொல் அங்கே ஒரு கைப்பிடி மாதிரி. அலைகிற மனதுக்கு அது நன்றாகவே உதவும்.

ஆனால் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது, நானே மாட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் வாய் பாட்டுக்கு இடது வலது என்று சொல்லிக்கொண்டிருக்கும், கால் பாட்டுக்கு நடக்கும், மனம் பாங்கி வாசலில் நிற்கும். உங்களுக்கு அப்படி ஆகவில்லை என்றால் சொல்லோடேயே தொடருங்கள், இரண்டும் ஒரே ஊருக்குப் போகிற பாதைதான். இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்றை மூன்று மாதமாவது பிடித்துச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் பெரிய வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டிக்கிடக்கிறது. இப்போது நானும் என் கணவரும் மட்டும் வந்து தங்கியிருக்கிறோம். வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றி நடந்து தியானம் செய்யலாமா? எவ்வளவு மெதுவாக நடக்க வேண்டும்? – வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இதைவிட நல்ல இடம் அமையாது. ஆனால் வளவைச் சுற்றிச் சுற்றி நடக்காதீர்கள். வளவை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கோடித் தூணிலிருந்து அந்தக் கோடித் தூண் வரைக்கும். இருபது முப்பது அடி வைக்கிற நீளம் இருந்தால் போதும், காட்டு மடங்களில் துறவிகள் போட்டுவைக்கிற நடைபாதையும் ஏறக்குறைய அந்த நீளம்தான். வட்டமாக நடந்தால் மனம் சுகமாகக் கிளம்பிப் போய்விடும், எங்கேயும் அதைத் தடுக்க ஆள் இல்லை. நேராகப் போனால் தூண் வந்து நிற்கும், நின்றாக வேண்டும், திரும்பியாக வேண்டும். அந்த நிற்பதிலும் திரும்புவதிலும்தான் நாம் எங்கே இருந்தோம் என்று தெரியவரும். புத்தகயாவில் மகாபோதி கோயிலுக்கு வடக்கே, புத்தர் ஞானம் பெற்ற பிறகு இங்கும் அங்குமாக நடந்த இடம் என்று நீளமாக ஒரு மேடை காட்டுவார்கள். அதுவும் நேர்கோடுதான்.

வேகம், உங்கள் சாதாரண நடை. அடியடியாக நத்தை மாதிரி வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இப்போதைக்குக் கேட்காதீர்கள், அதில் தலை சுற்றி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். தியன் முறையிலும் இயல்பான நடைதான். கையை முன்னாலோ பின்னாலோ கட்டிக்கொள்ளுங்கள், பார்வை நாலு கஜம் தள்ளித் தரையில் இருக்கட்டும்.

செருப்பு வேண்டாம். உங்களுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல், கையால் செய்த அந்த வண்ணத் தரையோடு, இருக்கிறது, அதைவிடப் பெரிய ஆசான் வேறு யார்? காலையில் குதிகால் பட்டவுடன் ஒரு குளிர்ச்சி ஏறும், பிறகு பாதத்தின் வெளி ஓரம், பிறகு விரல்கள், விரல் கிளம்புகிறபோது கல் லேசாக ஒட்டி விடுகிற மாதிரி இருக்கும். வளவின் திறந்த பக்கத்துக்கு அருகே வெயில் விழுகிற இடத்தில் அதே கல் வெதுவெதுப்பாக இருக்கும். நிலைப்படியைத் தாண்டினால் கருங்கல், அதன் சொரசொரப்பு வேறு. இதையெல்லாம் ரசிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, பிடித்திருக்கிறது பிடிக்கவில்லை என்று தீர்ப்பும் வேண்டாம், தெரிந்தால் போதும். ஒரு மாதம் கழித்துக் கவனித்துப் பாருங்கள், நடக்கும்போது தரை மட்டும் இல்லை, இடுப்பு எப்படிச் சாய்கிறது, எந்தத் தோள் இறுகியிருக்கிறது என்பது வரைக்கும் கேட்காமலே தெரியும்.

அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு புத்தர் உரைத்தொகுப்பில் நடைத் தியானத்துக்கு ஐந்து பலன் சொல்லியிருக்கிறது: வெகுதூரம் பயணம் போகத் தெம்பு, முயற்சிக்குத் தெம்பு, நோய் குறைவு, சாப்பிட்டது செரிப்பது, நடையில் கிடைத்த மன ஒருமை வெகுநேரம் நிற்பது. கடைசிப் பலன் எனக்கு அனுபவத்தில் உண்மை. உட்கார்ந்து கிடைத்த அமைதி எழுந்து கதவைத் திறந்தவுடன் போய்விடும். நடந்து கிடைத்தது நடையோடு கூடவே வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் நடங்கள், படுக்கையைத் தேடுகிற நேரத்துக்கு அது நல்ல மருந்து.

கேள்வி: ஆத்தங்குடியில் கல் போடுகிற வேலை செய்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கை நிற்காது. இந்த வேலையே தியானம் ஆகிவிடாதா? இல்லை தனியாக நேரம் ஒதுக்கணுமா? – வாசகர், ஆத்தங்குடி

பதில்: தம்பி, இந்தக் கேள்வி வந்ததற்காகவே இந்தப் பகுதியை எழுதியதில் எனக்குச் சந்தோஷம்.

ஒருமுறை ஒரு பட்டறையில் உட்கார்ந்து நீங்கள் செய்கிற வேலையை அரை நாள் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துச் சட்டத்துக்குள் வைக்கிறீர்கள். அதன்மேல் பூ அச்சு. கரண்டியால் ஒவ்வொரு வண்ணமாக அதன் கட்டங்களுக்குள் ஊற்றுகிறீர்கள், சிவப்பு, மஞ்சள், பச்சை. அப்புறம் அந்த அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் நான் பார்த்த கைக்காரர் மூச்சு விடவில்லை. ஒரு நூல் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். அச்சு கிளம்பியது, வண்ணங்கள் தம் தம் இடத்தில் நின்றன, அவர் தோள் இறங்கியது. பிறகு உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் அழுத்தித் தேய்க்கும்போது அவர் பக்கத்து ஆளோடு வட்டிக்கு வாங்கிய பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அச்சைத் தூக்குகிற நேரத்தில் உங்கள் மனம் முழுக்கக் கல்லின் மேல் இருக்கிறது. அது உயர்ந்த கவனம், ஆனால் நாம் பேசுகிற நினைவு அதோடு கொஞ்சம் வேறுபட்டது, அதில் கல்லும் தெரியும், தூக்குகிற கையும் தெரியும், மூச்சை அடக்கியதும் தெரியும். அந்த நொடியில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள், அங்கே வேலைக்கே மனதைக் கொடுங்கள், கல் வீணானால் கூலி யார் தருவார்? கரணை தேய்க்கிற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலை, கைக்கு மனப்பாடமான வேலை, அதில்தான் மனம் கடனுக்கு ஓடுகிறது. கரணை போகிறது, வருகிறது, மணிக்கட்டு மடங்குகிறது, கலவை வழுக்குகிறது. பத்துக் கல்லில் ஒரு கல்லுக்கு மட்டும், தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும், கையோடேயே இருங்கள். எல்லாக் கல்லுக்கும் இருக்கணும் என்று நினைத்தால் மத்தியானத்துக்குள் அலுத்துவிடும்.

தனி நேரமும் வேண்டும் தம்பி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலையில் எவ்வளவு பழகினாலும் மனம் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், இன்றைக்கு எத்தனை கல் ஆச்சு என்று. மேலே சொன்ன பதினாலு கையசைவில் விற்கிறதுக்கு ஒன்றும் உண்டாகாது, அதனால்தான் அங்கே கை கையாக மட்டும் தெரியும். காலையில் பத்து நிமிடம் அதைச் செய்துவிட்டுப் பட்டறைக்குப் போனால் கரணை பிடிக்கிறபோது வித்தியாசம் தெரியும்.

கேள்வி: இருபது வருடமாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறேன். நடையில் பௌத்தத் தியானம் செய்தால் முருகனுக்குச் செய்கிற துரோகம் ஆகாதா? – வாசகர், தேவகோட்டை

பதில்: துரோகம் என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள் அண்ணே. ராஜராஜ சோழன் தஞ்சையில் பெரிய கோயில் கட்டியவன், சிவபக்தியில் அவனுக்கு யாரும் குறை சொல்ல முடியாது. அவன்தான் நாகப்பட்டினத்தில் எழுந்த சூளாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான், செப்பேடு இருக்கிறது. மணிமேகலை பிறந்த தமிழில் நாம் இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று நான் பூசி மெழுக மாட்டேன். பாதயாத்திரையில் மனதை முருகனிடம் கொண்டுபோய் வைக்கிறீர்கள். அரோகரா சொல்லும்போது கால்வலி மறந்துபோகிறது, மறந்துபோகத்தான் வேண்டும், அது பக்தியின் பலம். இங்கே கால்வலியை மறப்பதில்லை, வலி வருவதும் தணிவதும் அப்படியே தெரிகிறது. வேறு வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் இரண்டும் அரைகுறையாகும்.

அதனால் என் யோசனை, குன்றக்குடியிலிருந்து கிளம்பினால் நாட்கணக்கில் நடக்கிறீர்கள், சிங்கம்புணரி, நத்தம் என்று போகிற அந்த வழியில் ஒவ்வொரு தங்கலிலும் இரவு இறங்கிப் படுத்துவிட்டு விடியாத நேரத்தில் எழுந்து கிளம்புவீர்கள் இல்லையா, அப்போது முதல் நூறு அடி மட்டும் பேசாமல், பாட்டில்லாமல் நடங்கள். நேற்றைய கொப்புளத்தின்மேல் முதல் அடி படுகிற இடம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். உடம்பு அந்த அடிக்குப் பயந்து மறுகாலுக்குச் சாயும், தாடை இறுகும். அதைப் பாருங்கள். கொப்புளம் வலிப்பது ஒரு பங்கு, வலிக்கப் போகிறதே என்று உடம்பு இறுகுவது இன்னொரு பங்கு, இரண்டாவது பங்கு பெரியது என்று ஒரு விடியற்காலையில் கண்டுகொள்வீர்கள். நூறு அடி முடிந்ததும் அரோகரா சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் அதிகமாகிறது. கையசைவு செய்யலாமா? – வாசகி, பள்ளத்தூர்

பதில்: மாத்திரையை நிறுத்தக் கூடாது. இது மாத்திரைக்குப் பதில் இல்லை, மருத்துவரிடம் இப்படி ஒன்று செய்கிறான் என்று சொல்லிவிடுங்கள்.

பதற்றம் உள்ள பலருக்குக் கண்ணை மூடி மூச்சைப் பார்ப்பது ஒத்துவராது, ஏனென்றால் பயத்தின் முதல் அடையாளமே மூச்சில்தான் இருக்கிறது, அதையே உற்றுப் பார்த்தால் பயம் கூடும். அவன் மேல் தப்பில்லை. கண்ணைத் திறந்து, வெளிச்சமான முகப்பில், நின்றுகொண்டு செய்யட்டும். உள்ளங்கால் தரையில் அழுந்துவது, பிறகு ஒரு கையைத் திறப்பது மூடுவது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நீங்களும் பக்கத்தில் செய்யுங்கள், ‘ஒழுங்காகச் செய்கிறாயா’ என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். செய்யச் செய்யப் படபடப்பு கூடினால் அன்றைக்கு விட்டுவிடட்டும்.

கேள்வி: எத்தனை நாளில் பலன் தெரியும்? – வாசகர், காரைக்குடி

பதில்: சதிபட்டான சுத்தத்தின் முடிவில் ஏழு வருடம் என்று ஆரம்பித்து, ஆறு வருடம், ஐந்து வருடம் என்று குறைத்துக்கொண்டே வந்து, ஏழு நாள் போதும் என்று முடித்திருக்கிறது. அது முழு விடுதலையைப் பற்றிய பேச்சு. நீங்கள் கேட்பது நாளைக்குக் கடையில் உட்காரும்போது என்ன மாறும் என்று.

எனக்கு முதலில் மாறியது செல்போன். கை அதை நோக்கிப் பாதி தூரம் போய்விட்ட பிறகு, ‘கை போகிறது’ என்று தெரிந்தது. எடுக்கத்தான் செய்தேன். ஆனாலும் அதற்கு முன்னால் இருபது வருடம் எத்தனையோ முறை நீண்ட கை ஒருமுறைகூட எனக்குத் தெரிந்து நீண்டதில்லை. அப்புறம் ஒருநாள் கோபத்தில் சொம்பைத் தரையில் வைக்கப்போனபோது விரல்கள் இறுகுவது முன்கூட்டித் தெரிந்தது, சொம்பு மெதுவாகப் போய் உட்கார்ந்தது. ஆறேழு வாரம் ஆகியிருக்கும் அப்போது. உங்களுக்கு வேறு இடத்தில் தெரியலாம், அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க மட்டும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஆயாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்து இடது பக்கம் வேலை செய்யவில்லை, படுக்கையிலேயே இருக்கிறார். புத்தி தெளிவாக இருக்கிறது, பேச்சும் புரிகிறது. ‘சும்மா கிடக்கிறேனே’ என்று நாள் முழுக்க அழுகிறார். அவருக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க முடியுமா? – வாசகி, கோட்டையூர்

பதில்: முடியும் அம்மா. படுத்திருப்பதும் அந்த நாலு நிலையில் ஒன்று. தியன், பெரிய கையசைவோடு சின்ன அசைவுகளையும் சொல்லிக்கொடுத்தார்: கையை மூடித் திறப்பது, பெருவிரலால் மற்ற விரல்களைத் தேய்ப்பது, கண் சிமிட்டுவது, எச்சில் விழுங்குவது. பேருந்தில் போகும்போது யாருக்கும் தெரியாமல் செய்கிற அளவுக்குச் சின்னது. உங்கள் ஆயாவின் வலது கைக்கு அது தாராளமாகப் போதும்.

வலது பெருவிரல் ஆள்காட்டி விரலைத் தொடட்டும், ஒரு கணம் நிற்கட்டும். பிறகு நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல், அப்படியே திரும்பி வரட்டும். எண்ண வேண்டாம். களைத்தால் நிறுத்திவிடலாம், அப்போது கண் சிமிட்டுவது ஒன்றே போதும். இடது கைக்கு உடற்பயிற்சி கொடுக்க வருகிறவர் என்ன செய்யச் சொல்லியிருக்கிறாரோ அதை அவர் சொன்னபடியே செய்யுங்கள், அந்தக் கையை நீங்கள் தூக்குகிறபோது ‘தூக்குறேன் ஆயா, தெரியுதா’ என்று கேட்டுக்கொண்டே தூக்குங்கள். தெரியவில்லை என்றாலும் கண்ணால் அந்தக் கை போவதைப் பார்க்கலாம். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரத்தில் உங்கள் முதுகும் கையும் என்ன செய்கின்றன என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் இது தேவை.

தியானம், பௌத்தம் என்றெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டாம். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் விரலையும் அதே மாதிரி வைத்துக்கொண்டு, ‘ஆயா, இப்பப் பெருவிரல் எங்க இருக்கு?’ என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும்.